ஹெவி கேம் ஆடினால் கம்ப்யூட்டர் கெடுமா? சென்னை வீட்டில் சோதித்துச் சரிசெய்யும் வரிசை

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: காற்றும் கரண்டும் ஒழுங்காகக் கிடைக்கும் கம்ப்யூட்டரை ஹெவி கேம் கெடுப்பது அபூர்வம். சூடு எல்லையைத் தொட்டால் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மெஷின் அணைந்துவிடும்.

ஆனால் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் ஒன்றை, அது மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸோ (சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) தூசி அடைத்த ஹீட்சிங்கோ (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) தளர்ந்த பிளக்கோ, கேம் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடும். எக்செல் திறந்திருக்கும்போது 70 வாட் இழுக்கும் மெஷின் கேமில் 400 வாட் இழுக்கிறது. ஒளிந்திருந்த குறை அப்போதுதான் தலைகாட்டும், பழி கேம் மேல் விழும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்: வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு முதல் வேலையாக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய் தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசுவது) வாங்கிவருகிறார்கள். கோளாறு சுவரில் உள்ள பிளக்கில் இருக்கும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

எச்டபிள்யூஇன்ஃபோ (மெஷினின் வெப்ப அளவுகளைக் காட்டும் சாஃப்ட்வேர்), எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் (கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கை மாற்றும் சாஃப்ட்வேர்). இரண்டும் இலவசம், அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் ஆஃப்டர்பர்னர் பெரும்பாலும் வேலை செய்யும்.

அறையின் வெப்பத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர், இரண்டு அங்குல பெயிண்ட் பிரஷ் (புதியது), புளோயர், ஒரு நோட்டு. தெர்மல் பேஸ்ட் இப்போது வேண்டாம்.

டேட்டா பேக்கப் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். சோதனையின் நடுவில் சாகிற ஹார்ட் டிஸ்க் சோதனையால் சாவதில்லை, ஆனால் போட்டோக்கள் போனது போனதுதான்.

2. முதலில் கரண்ட்

சென்னை வீடுகளில் நான் பார்க்கும் "கேம் ஆடினால் ரீஸ்டார்ட் ஆகிறது" புகார்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதனால்தான் இது சூட்டுக்கும் முன்னால் வருகிறது. கரண்ட் சரியில்லாத மெஷினில் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

எர்த். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டின் பின்புற ஸ்க்ரூவைத் தொட்டால் விர்ரென்று கூசுகிறதா? எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. பழைய வாடகை வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு வோல்ட் என்றால் நல்லது. கூடவே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் பார்க்கட்டும். அங்கே கிட்டத்தட்ட 230 காட்ட வேண்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் ஸ்பைக் பஸ்டர் மாட்டினாலும் அதன் பாதுகாப்பில் பாதி கிடைக்காது. வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஜங்ஷன் பாக்ஸ். அரை மணி நேரம் கேம் ஓடிய பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்திருக்கிறது, அந்த பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் என்று கடலோரம் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் கவ்விகள் பச்சை பூத்துவிடும்.

யூபிஎஸ். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். படம் பார்க்கும்போது கரண்ட் போனால் மெஷின் ஓடுகிறது, கேம் ஆடும்போது போனால் பட்டென்று அணைகிறது என்றால் யூபிஎஸ் கெட்டுப்போகவில்லை, அதன் சக்தி அவ்வளவுதான். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால் பின்பக்க ஸ்விட்ச் "யூபிஎஸ்" பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் பக்கம் இருந்தால் மாறும் நேரம் அதிகம், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

கரண்ட் போய் வந்ததும் உடனே ஆன் செய்யாதீர்கள். நம் ஊரில் வந்த கரண்ட் இன்னொரு முறை போய்விட்டுத்தான் நிலையாக நிற்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

எஸ்எம்பிஎஸ். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று படித்து 12-ஆல் பெருக்குங்கள். "500 வாட்" என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 300 வாட்கூடத் தராத எஸ்எம்பிஎஸ் சில இலவச கேபினெட்டுகளோடு வருகிறது. கிராபிக்ஸ் கார்டு சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய் பிறகு கார்டின் விலையாக வந்து நிற்கும்.

புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கரண்ட் தரும் 16 பின் கனெக்டர் கடைசி வரை உள்ளே போயிருக்க வேண்டும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் கனெக்டர் உருகிய சம்பவங்களில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது முழுதாகச் சொருகாததுதான். இடைவெளி தெரியக்கூடாது, கேபிளைக் கனெக்டரின் வாயருகே மடக்கவும் கூடாது.

3. எதையும் தொடாமல் அளவு எடுங்கள்

சுத்தம் செய்வதற்கு முன்னால் அளவு. முதலில் சுத்தம் செய்துவிட்டால் அது உதவியதா என்று கடைசி வரை தெரியாது.

எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சார் மட்டும் காட்டும் முறையில் திறந்து, மெஷினைப் பத்து நிமிடம் சும்மா விட்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி மூன்றின் வெப்பத்தையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அறை வெப்பம், ஏசி ஓடுகிறதா, ஃபேன் மட்டுமா என்பதும்.

அப்புறம் நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். ஐந்து நிமிடம் போதாது: ஹீட்சிங்க்கும் கேபினெட்டின் உள்காற்றும் முழுதாகச் சூடேற இருபது நிமிடமாவது ஆகும். சென்சார் பதிவை ஃபைலாகச் சேமிக்கும் பட்டன் கீழே இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஆடுங்கள். மெஷின் நடுவில் அணைந்தாலும் அதற்குச் சற்று முன்வரை என்ன நடந்தது என்று அந்த ஃபைலில் இருக்கும்.

ஃபர்மார்க் மாதிரி சோதனையை இப்போதே ஓட்டாதீர்கள். எந்த கேமும் தராத சுமையைக் கார்டின் மேல் ஏற்றுவது அது. எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்கிறது என்றே தெரியாத மெஷினில் அதை ஓட்டிவிட்டு "கேம் கெடுத்துவிட்டது" என்று சொன்னவர்கள் உண்டு.

4. எண்களைப் படிப்பது

பயப்பட வேண்டாதவற்றுக்குப் பயந்து, பயப்பட வேண்டியதை விட்டுவிடும் இடம் இது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

இன்டெலின் அண்மைக்கால டெஸ்க்டாப் பிராசஸர்கள் பெரும்பாலானவற்றின் எல்லை 100 டிகிரியை ஒட்டி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95; அவற்றில் பெரியவை முழுச் சுமையில் அந்த எல்லை வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. என்விடியா கார்டுகள் பல 83 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஏஎம்டி கார்டில் ஹாட்ஸ்பாட் (கார்டின் மிகச் சூடான புள்ளி) என்று வரும் எண் 110 வரை போகலாம், சராசரி எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெல்லிய கேமிங் லேப்டாப்பில் பிராசஸர் 95-ஐத் தொடுவது சகஜம்.

இனி அறை வெப்பம். அறை ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஜனவரியில் 28 டிகிரி அறையில் 78 காட்டிய கார்டு, கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் 88-ஐ நோக்கிப் போகும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மே மாதம் எனக்கு வரும் "திடீரென்று சூடாகிறது" செய்திகளுக்கு அறை வெப்பம் என்ன என்று கேட்டாலே பாதி அடங்கிவிடும். குளிர்நாட்டு விமர்சனங்களில் 22 டிகிரி அறையில் எடுத்த எண்ணை வைத்து நம் வீட்டு மெஷினைக் குறை சொல்வது நியாயமில்லை.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. கேம் போட்ட சில நொடிகளில் 50-லிருந்து 100-க்குத் தாவினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. கார்டின் சராசரிக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 25, 30 டிகிரி இடைவெளி இருந்தால் உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கலாம். வெப்பம் 70-இல் இருக்கும்போதே மெஷின் அணைந்தால் சூட்டை விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்.

எல்லைக்குள் இருந்தால் சூடு முற்றிலும் இலவசமா என்றால், இல்லை. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் சால்டர் இணைப்புகள் விரிந்து சுருங்குகின்றன. ஃபேன் பேரிங் தேய்கிறது. இதெல்லாம் வருடக் கணக்கில் நடப்பது. கேபினெட்டின் உள்காற்றைக் குளிர்வித்தால் தள்ளிப்போடலாம். ஒரு இரவு கேம் ஆடியதால் எதுவும் வெந்துபோவதில்லை.

5. கேபினெட்டை இடம் மாற்றுங்கள்

கம்ப்யூட்டர் டேபிளில் கேபினெட் வைக்க மூன்று பக்கம் மூடிய ஒரு அறை இருக்கும். அதிலிருந்து வெளியே எடுங்கள், அவ்வளவுதான். உள்ளே விட்ட சூடான காற்றையே மெஷின் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பின்புறம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

தரையில் வைக்க வேண்டாம். பெருக்கும் தூசி, துடைக்கும் தண்ணீர் இரண்டும் அங்கேதான். முக்காலி போதும். பூஜை அலமாரிக்கு எதிரே இருந்தால் ஊதுபத்திப் புகையின் பிசுக்கு தூசியைக் கெட்டியாக ஒட்டவைக்கும், முடிந்தால் தள்ளி வையுங்கள்.

மாற்றிவிட்டு மறுபடி அரை மணி நேரம் ஆடி அளவு எடுங்கள். ஒரு மாற்றம், ஒரு அளவு. இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

6. தூசி

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை ஒருமுறை பத்து நொடி அழுத்துங்கள், மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டை பால்கனிக்குக் கொண்டுபோங்கள்; ஹாலில் ஊதினால் வீட்டில் உங்களுக்கு வேறு பிரச்சினை வரும்.

புளோயரை அடிக்கும் முன் ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தன் வேகத்துக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போகும்.

பலர் தோற்கும் இடம் அடுத்தது. ஃபேனின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும், "சுத்தம்தான்" என்று மூடிவிடுவார்கள். ஃபேனைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி சாம்பல் நிறப் படலம் ஒன்று தகட்டின் வாயை மூடியிருக்கும். ஓரத்தில் விரல் நகத்தை விட்டு நெம்பினால் ஒரே தாளாகப் பிய்ந்து வரும், உள்ளே இரண்டு மூன்று தலைமுடியும் பின்னியிருக்கும். லேப்டாப்பில் இது இன்னும் மோசம். அடிமூடியைக் கழற்றினால்தான் தெரியும். வெளியிலிருந்து ஊதினால் அந்தத் தாள் உள்ளே போய் இன்னும் இறுக்கமாக உட்காரும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். கம்பி வலைக்கு வெளியிலிருந்து ஊதினால் போதும்.

ஈரத்துணி, வேக்யூம் கிளீனர் இரண்டும் வேண்டாம். முதலாவது தெரிந்ததே, இரண்டாவதின் பிளாஸ்டிக் முனை நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். மற்றவர்களுக்கு ஆறு மாதம்.

7. பேஸ்ட், இப்போதுதான்

தூசி எடுத்த பிறகும் எண்கள் இறங்கவில்லை, வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகிவிட்டது என்றால் மட்டும். பிராசஸரின் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு வைத்தால் சாதாரண அளவுப் பிராசஸருக்குப் போதும். ஸ்க்ரூக்களை எக்ஸ் வடிவில், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்; ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கினால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்காரும்.

வாரண்டியில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டைத் திறக்காதீர்கள். ஸ்க்ரூ மேல் இருக்கும் ஸ்டிக்கரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுப்பது இங்கே சாதாரணம்.

8. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போடுங்கள்

எஃப்பிஎஸ் என்பது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கை. அதற்கு வரம்பு போட ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டுவது) என்றால் கார்டு 240 ஃபிரேம் வரைவதில் பெரும்பகுதி வீண் உழைப்பு. என்விடியா, ஏஎம்டி இரண்டின் டிரைவர் செட்டிங்கிலும் உச்ச ஃபிரேம் வரம்பு இருக்கிறது. மானிட்டரின் ஹெர்ட்ஸ் எண்ணை அங்கே கொடுங்கள்.

கேம் உள்ளே போட்டால் போதாதா? மெனுத் திரையில் அந்த வரம்பு சில கேம்களில் வேலை செய்யாது. வரைய ஒன்றுமில்லாத மெனுவில் கார்டு ஆயிரக்கணக்கான ஃபிரேம்களைத் தள்ளும். 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோதே இந்தப் பிரச்சினை எழுந்தது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு கேமின் பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. கேம் நிறுவனம் மெனுவுக்கு வரம்பு போட்டது; கார்டைச் செய்த ஈவிஜிஏ ஆராய்ந்து, ஒரு தொகுதிக் கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று சொல்லி மாற்றிக்கொடுத்தது. கேம் அம்பலப்படுத்தியது, குறை கார்டில் இருந்தது.

கூடவே ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் கரண்டின் உச்ச வரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் எஃப்பிஎஸ் குறைவது கண்ணுக்குத் தெரியாது, சூடும் ஃபேன் சத்தமும் நன்றாகக் குறையும். கத்திரி முடியும்வரை நான் சொல்லும் முதல் வைத்தியம் இதுதான். ஓவர்கிளாக் (கார்டை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யும் ஆசை இருப்பவர்கள் டிசம்பர் வரை காத்திருங்கள்.

9. பயாஸ்

மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டின் மென்பொருள்தான் பயாஸ். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டக்கூடாது. இவற்றில் பலவற்றுக்குத் தேவைக்கு மீறிய வோல்டேஜ் போய் பிராசஸரே மெல்லத் தேய்ந்தது. கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று எர்ரர் வரும், எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார்கள். 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தத்தைத் தரத் தொடங்கியது, மதர்போர்டு பயாஸ் அப்டேட் வழியாக அது வரும். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை அது மீட்காது. ஆனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் மதர்போர்டு எழாமல் போகலாம். யூபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையே வேண்டாம்.

10. லேப்டாப் என்றால் பேட்டரியும்

எப்போதும் சார்ஜரில் மாட்டியே கேம் ஆடுகிறவர்கள் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். தயாரிப்பாளரின் சொந்த ஆப்பில் பெரும்பாலும் இருக்கும். முழு சார்ஜும் சூடும் சேரும்போதுதான் லித்தியம் பேட்டரி வேகமாக முதுமை அடைகிறது. டச்பேட் கிளிக் ஆகாமல் மேலே தூக்கினாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றே நிறுத்துங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள்.

மெத்தையில் வைத்து ஆடாதீர்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கினாலே போதும், கூலிங் பேட் வாங்குவது இரண்டாம்பட்சம்.

11. சர்வீசுக்குப் போகும் முன்

திரையில் வண்ணக் கட்டங்கள், கேம் இல்லாதபோதும் நீலத் திரை, எரிந்த வாசனை. இவற்றில் ஒன்று இருந்தால் மேலே உள்ள எதையும் செய்துகொண்டிருக்காமல் அணைத்துவிடுங்கள். கார்டிலிருந்து மெல்லிய கீச்சொலி மட்டும் வந்தால் அது காயில் (கம்பிச்சுருள்) அதிரும் சத்தம், ஆபத்தில்லை.

விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று பார்த்தவுடன் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மெஷின் ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. "டபிள்யூஎச்இஏ-லாகர்" என்று சிவப்பில் வரிசையாக இருந்தால் அது வன்பொருள் பக்கம் கைகாட்டுகிறது. அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் "கேம் ஆடியதால் போர்டு போச்சு" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால், வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. நோட்டையும் சென்சார் ஃபைலையும் காட்டினால் பேச்சின் தொனியே மாறும். மெஷினை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் ரேம், எஸ்எஸ்டி, கார்டு மூன்றின் சீரியல் நம்பரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எஸ்எஸ்டி தேவையில்லாத சோதனை என்றால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.